கடா மீதான விசாரணை

இருளை ஒழிப்பதில் உலகுக்கே வழிகாட்டியது எங்கள் திகன செம்மறி வளர்ப்போர் அபிவிருத்திச் சங்கம்தான் என்பதை, அதன் செயலாளர் என்ற முறையில் மிகுந்த அடக்கத்துடன் அறிவிக்கிறேன்.

எங்கள் தலைவர் ஹபீல் ஹாஜியார் தொலைநோக்காளர். சங்கப் பட்டிக்கு மேலே கிரிக்கெட் மைதானத்து விளக்கொன்றைப் பொருத்தி, “இனி எங்கட ஆடுகளுக்கு இருண்ட காலமே இல்ல!” என்று முழங்கினார். விளக்கடியில் அவர் படமும் விடிய விடிய ஒளிர்ந்தது.

அதன்பின், சங்கம் வரவழைத்திருந்த வெளிநாட்டுப் பெட்டைகளில் ஒன்றுகூடச் சினைப்படவில்லை. கடாவோ அவற்றைக் கண்டால், பரிசளிப்பு விழாவின் பிரதம விருந்தினர்போலக் கொட்டாவி விட்டது.

அது சங்கத்துக்கு எங்கள் ஊர் ஹவ்வா உம்மா இரவல் கொடுத்த கடா. அவர் பதறிப்போய், பேராதனையிலிருந்து மிருக வைத்தியர் சஞ்சீவனியைக் கூட்டி வந்தார்.

“இந்தச் சாதி ஆட்டுக்கு ராத்திரி நீளமானாத்தான் சேருற காலம் வரும்” என்றார் வைத்தியர். “இருட்டுல ஊறுற மெலடோனின்தான் ராத்திரியோட நீளத்த உடம்புக்குச் சொல்லுது. விடிய விடிய லைட் போட்டா அது ஊறாது. அதுகளுக்கு வருஷம் பூரா கோடைதான். அணைச்சிட்டுக் கொஞ்சம் பொறுங்க.”

தலைவர் அதிர்ந்தார். “அமைச்சர் திறந்து வச்ச லைட், டாக்டர்! அது எப்பிடிப் பிழை செய்யும்?”

உடனே ‘விசாரணைக் குழு’ அமைந்தது. விளக்கை விசாரிக்கவில்லை, அது மேலிடம். கடாவை அழைத்தோம். அது எந்தக் குற்றச்சாட்டையும் மறுக்காததால், ‘கடமையில் அலட்சியம்’ நிரூபணமானது.

“எங்கட ஊட்டுல இருக்கக்குள்ள ஒரு குறையும் இல்லாத கடா, ஹாஜியார். தாங்க, கொண்டு போறேன்” என்றார் ஹவ்வா உம்மா.

“நடவடிக்கை முடியட்டும், உம்மா. நாளைக்கு வாங்க.”

மறுநாள் பகல் அவர் வந்தபோது, குழுவினர் புரியாணி குவித்த பெரிய சஹன் தட்டைச் சுற்றி அமர்ந்திருந்தோம்.

“என்ட கடா எங்க?”

தலைவர் கையிலிருந்த எலும்பை மெல்ல ஓரத்தில் வைத்தார். “தீர்ப்பு நிறைவேறிட்டு, உம்மா. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க.”

அவர் சஹனைப் பார்த்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு பட்டியில் கிடந்த வெறுங்கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது கடுகண்ணாவையிலிருந்து புதுக் கடா வந்திருக்கிறது. நன்றாகக் கொழுத்தது. அதற்கும் பெட்டைகளில் நாட்டமில்லை. விளக்கை அணைக்கும்படி வைத்தியர் மறுபடியும் சொன்னார். ஏகமனதாக மறுத்துவிட்டோம். அணைத்தால் ஆடுகள் குட்டி போடும், வாஸ்தவம்தான்; விசாரணைக் குழு எதைச் சாப்பிடும்?