ஓவர் குளிர்

"ஓவர் குளிர்." அந்த ஆள் எழுதியிருந்தது அவ்வளவுதான். கூடவே ஒற்றை நட்சத்திரம்.

மரியதாஸ் மகளின் போனை வாங்கி, நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, இன்னொரு தடவை படித்தார். அவர் வாடகைக்கு விட்டது ஏசி ரூம் இல்லை. இறந்தவர்களைக் கிடத்தி வைக்கும் ஐஸ் பெட்டி. வில்லியனூரில் ஒரு தகர ஷெட், சில பெட்டிகள், ஒரு மினி வேன், ஓட்டுவதற்கு பாக்யராஜ். வேன் லேட்டு என்று அவரைத் திட்டியிருக்கிறார்கள். பெட்டிச் சக்கரம் கத்துகிறது என்றும் திட்டியிருக்கிறார்கள். ஐஸ் பெட்டி குளிர்கிறது என்று இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

"இன்னாமா இது? இட்லி வெந்துபோச்சுன்னு சொல்ற மாதிரி இருக்குது."

சுவேதா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு சோப்புக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் அவளுக்கு வேலை. போன மாதம்தான் கம்பெனியில் ட்ரெய்னிங் கொடுத்திருந்தார்கள். 'நல்ல பேர் வாங்கணும்' என்பது இலக்கே கிடையாது, எண்ணும் தேதியும் இருந்தால்தான் அது இலக்கு என்று அங்கே சொல்லிக்கொடுத்ததை அப்பாவுக்கும் சொல்லிக்கொடுத்தாள். பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, தீபாவளிக்கு அப்புறம் ஒரே ஒரு ஐஸ் பெட்டிக்காரரின் நம்பரைத்தான் தங்கள் போர்டில் போடப்போவதாகச் சொல்லியிருந்தது. நெட்டில் நாலு நட்சத்திரமாவது இருக்க வேண்டுமாம். மரியதாஸுக்கு மூன்றுகூட இல்லை. உள்ளே கலர் லைட் எரியும் பெட்டியோடு புதிதாக ஒருவன் வேறு தொழிலில் இறங்கியிருந்தான்.

ஆகவே தீபாவளிக்குள் நாலு நட்சத்திரம். எந்தக் குறை வந்தாலும் ஒரே நாளில் பதில். மாதம் பத்து புது ரெவ்யூ.

கடைசி இலக்கைக் கேட்டதும் மரியதாஸ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "பத்து பேரு போய்ச் சேரணுமேம்மா. அது நம்ம கையிலயா இருக்குது?"

சுவேதா யோசித்துப் பார்த்து, பெட்டிக்கு இரண்டு ரெவ்யூ என்று மாற்றினாள்.

முதலில் குளிரைக் கவனிப்பதென்று முடிவாயிற்று. அழுகிறவர்கள் கண்ணாடி மேல் சாய்ந்துதானே அழுகிறார்கள், அவர்களுக்குக் கை விறைத்திருக்கும் என்று சுவேதா காரணம் கண்டுபிடித்தாள். மரியதாஸுக்கும் அது சரியாகவே பட்டது. குளிரைக் கொஞ்சம் குறைத்து வைத்தார். அடுத்த பெட்டி பாகூருக்குப் போனது. அன்றைக்கு நல்ல வெயில். சென்னையிலிருந்து வர வேண்டிய பெரிய மகன் திண்டிவனத்தில் மாட்டிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டார்கள். துக்கத்தினால் இல்லை.

"கூலிங் சுத்தமா இல்ல" என்று ரெவ்யூ வந்தது. அதற்கும் ஒரு நட்சத்திரம்.

ஒரே நாளில் பதில் என்பது இலக்கு. அதனால் சுவேதா கம்பெனியில் சோப்பு வாங்குகிறவர்களுக்கு அனுப்பும் பதிலையே எடுத்துப் பேரை மட்டும் மாற்றிப் போட்டாள். குறைக்கு வருந்துகிறோம், தங்கள் குடும்பத்தில் அனைவரும் எங்கள் சேவையை மீண்டும் மீண்டும் பயன்படுத்த அன்புடன் அழைக்கிறோம் என்று அதில் இருந்தது.

பாகூர்க்காரர்கள் போன் செய்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவராக, சித்தப்பா, மாமன், பங்காளி என்று எல்லாரும் பேசினார்கள். மரியதாஸ் எழுந்து நின்றபடியே எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டார். கடைசியாகப் பேசிய கிழவி மட்டும் கோபப்படவில்லை. அடுத்தது நானாகத்தான் இருக்கும், கொஞ்சம் நல்ல பொட்டியா அனுப்புப்பா என்று சொல்லி வைத்தாள்.

குறை உள்ளவர்கள் மட்டும்தான் எழுதுகிறார்கள், திருப்தியாக இருப்பவர்கள் எழுதுவதே இல்லை என்று சுவேதா அடுத்த காரணத்தைக் கண்டுபிடித்தாள். சதுரமாக ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் அடித்து, கால்மாட்டில் கண்ணாடி மேல் ஒட்டச் சொன்னாள். போனைக் காட்டினால் நேராக ரெவ்யூ பக்கம் திறக்கும். அதன் கீழே 'உங்கள் கருத்தைப் பதிவு செய்யுங்கள்' என்ற வாசகம்.

அந்தப் பெட்டி கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு பெரிய நிலக்காரர் வீட்டுக்குப் போனது. நல்ல கூட்டம். மதியத்துக்குள் சுவேதாவின் போன் விடாமல் ஒலித்தது. கம்பெனி கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஆசையாகத் திறந்து பார்த்தாள். 'தங்கமான மனுஷர்' என்று ஒருவர் அஞ்சு நட்சத்திரம் போட்டிருந்தார். 'எங்க அக்கா கல்யாணத்துல முன்ன நின்னு எல்லாம் செஞ்சாரு' என்று இன்னொருவர். அவளுக்கு முதலில் புரியவில்லை. அடுத்ததைப் படித்ததும் புரிந்துவிட்டது. 'வாய்க்கா தண்ணிய மறிச்சி என் பயிரக் காய வெச்ச ஆளு. இந்த ஒரு ஸ்டாரே ஜாஸ்தி.'

வந்தவர்கள் எல்லாரும் பெட்டியை விட்டுவிட்டு, உள்ளே இருந்தவருக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாய்க்கால் தகராறுக்காரர் பந்தலிலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இறந்தவரின் இரண்டாவது மகன் அதைப் பார்த்துவிட்டான். நாற்காலி பறந்தது. பாக்யராஜ் ஸ்டிக்கரைப் பிய்க்கப் போன இடத்தில் அவனுக்கும் ஒரு அடி விழுந்தது. சாயங்காலம் பார்த்தபோது மரியதாஸின் நட்சத்திரம் முன்னைவிட இறங்கியிருந்தது. நிலக்காரருக்கு நண்பர்கள் குறைவு போலிருக்கிறது.

பாக்யராஜ் வீங்கிய கன்னத்தோடு, போர்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் என்றான். சுவேதாவும் மிச்சமிருந்த ஸ்டிக்கர்களைக் கிழித்துப் போட்டாள். மரியதாஸுக்கு மட்டும் அந்த முதல் ஆளை விட மனசு வரவில்லை. கோபம் ஒன்றுமில்லை. எந்தக் குளிரைச் சொன்னார் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது போலிருந்தது.

பெயர் கண்ணையன். அவர் வேறு எங்கெல்லாம் நட்சத்திரம் போட்டிருக்கிறார் என்று பார்க்க முடியுமென்று சுவேதா காட்டினாள். அப்பாவும் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்தார்கள். திருக்கனூர் பக்கம் ஒரு ரைஸ் மில்: 'நொய் அதிகம். ரெண்டு.' ஒரு டீக்கடை: 'சூடு சரி. சக்கரை கேட்டாதான் போடறான். மூணு.' ஒரு சலூன்: 'பேச்சு ஜாஸ்தி, கத்தி நல்ல கத்தி. நாலு.' டவுன் பஸ், உரக்கடை, பல் டாக்டர், ரேஷன் கடை என்று ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"பொய் சொல்ற ஆளு மாதிரி தெரியல" என்றார் மரியதாஸ்.

"எங்க கம்பெனியில இருக்க வேண்டியவருப்பா" என்றாள் சுவேதா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மரியதாஸ் பைக்கை எடுத்துக்கொண்டு திருக்கனூரை ஒட்டிய மண்ணாடிப்பட்டுப் பக்கம் போனார். இரண்டு பக்கமும் கரும்பு. மூணு நட்சத்திர டீக்கடையில் நிறுத்தி விசாரித்தார். டீக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். போனும் கையுமா வருவாரே அவரா என்று கேட்டுவிட்டு வீட்டைக் காட்டினார்.

வீட்டைப் பார்த்ததும் மரியதாஸுக்கு ஞாபகம் வந்தது. ஆடி மாதம் இங்கே பெட்டி கொண்டுவந்திருக்கிறார். புகழ்வேந்தன் என்ற பையன் போனில் அழுதுகொண்டே கூப்பிட்டிருந்தான். அன்று கூட்டத்துக்குள் புகுந்து பெட்டியை வைத்து, ஸ்விட்ச் போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்கு அழைப்பு வந்ததால் உடனே கிளம்பியிருந்தார். மதியமே பெட்டியை எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். பாக்யராஜ்தான் போய் எடுத்துவந்தான். மழை மூட்டத்துக்குப் பயந்து சீக்கிரம் எடுத்துவிட்டார்கள் போலும் என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

வாசலுக்கு வந்தது புகழ்வேந்தனின் மனைவி செல்வகுமாரி. அவரை அடையாளம் தெரிந்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"கண்ணையன் இருக்காராம்மா?"

"மாமா கரும்புக் கொல்லைக்குப் போயிருக்காரு. உக்காருங்கண்ணா, இப்ப வந்துடுவாரு" என்று நாற்காலி போட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

எந்த வீட்டுக்குள் போனாலும் மாலை போட்ட படத்தைத் தேடுவது தொழிலில் வந்த பழக்கம். இந்த வீட்டுச் சுவரில் ஒரு காலண்டரும் கல்யாணப் படமும்தான் இருந்தன. பின்பக்கம் மாமியார் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தவறிப்போனது யார் என்று கேட்க மரியதாஸுக்குக் கூச்சமாக இருந்தது. வேறு வழியில்லாமல் வந்த காரியத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரி போர்டைச் சொன்னார், பாகூரைச் சொன்னார், கரிக்கலாம்பாக்கத்தில் நாற்காலி பறந்ததையும் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. துக்கம் இன்னும் ஆறவில்லை என்று மரியதாஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் சண்டைக்கு வரலம்மா. ஸ்டாரக்கூட மாத்த வேணாம். உங்க மாமா எந்த எடத்துல தொட்டுப் பாத்தாரு, கண்ணாடியிலயா, கைப்பிடியிலயா? அத மட்டும் சொன்னா மெஷின சரி பண்ணிடுவேன்."

செல்வகுமாரி முந்தானையை எடுத்தாள். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"தொட்டுப் பாத்து எழுதலண்ணா, டாக்டரு வர்றதுக்குள்ள நாங்கதான் அவசரப்பட்டுட்டோம், அன்னிக்கு உள்ள படுத்துனு இருந்ததே எங்க மாமாதான்."