கிருஷ்ணப்பனைக் கடித்த நாய்

"எங்கே கடிச்சுது? காட்டு" என்றார் ஃபோர்மேன் ராமதாஸ்.

இந்தக் கேள்வியைக் கிருஷ்ணப்பன் எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமை வேலைக்கு வராததற்கு என்ன காரணம் சொல்வது என்று ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை சைக்கிள் மிதித்துக்கொண்டே யோசித்திருந்தான். காய்ச்சல் என்று போன மாதமே சொல்லியாகிவிட்டது. மாமியாரை இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. டின் தொழிற்சாலையின் கேட் அருகே ஒரு தெரு நாய் குறுக்கே ஓடியது. அதைப் பார்த்ததும் அவன் மனம் லேசாகிவிட்டது.

உண்மையில் சனிக்கிழமை அவன் போனது குத்துச்சண்டை பார்க்க. வடசென்னையில் அந்த வருஷம் பையன்களெல்லாம் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சுவரைக் குத்திக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணப்பனுக்குக் குத்தவும் தெரியாது, குத்து வாங்கவும் தெம்பு கிடையாது. பார்ப்பதில் மட்டும் வெறி. ஆனால் அவன் மனைவி ராஜாத்திக்கு அது ஆகாது. "ஒருத்தன் மூக்க இன்னொருத்தன் ஒடைக்கிறத குந்திகினு பாப்பியா? நீயெல்லாம் மன்சனா?" என்று கேட்டு, இனிமேல் போவதில்லை என்று தன் தலையில் அவனை அடிக்க வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"தொடையில சார். கட்டுப் போட்டுகினு கீறேன்" என்றான்.

"நாய்க்கடின்னா வெளையாட்டு இல்லடா. மத்தியானம் டாக்டர் வர்றாரு. அவருகிட்ட காட்டிட்டு அப்புறம் மிஷினைத் தொடு."

மத்தியானத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. கிருஷ்ணப்பன் கீழே கிடந்த தகட்டுத் துண்டு ஒன்றை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் ஒரு குத்துக் குத்தினான். உயிர் போய் வந்தது. ஒரே ஒரு பல்லால் எந்த நாயும் கடிக்காதே என்று தோன்றவே, அழுதுகொண்டே இன்னொரு குத்தும் குத்தினான்.

டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"சனிக்கிழமை கடிச்சதா சொன்னே. இன்னும் ரத்தம் வருதே?"

"சொறிஞ்சுட்டேன் சார்."

"சொறிஞ்சியா! அப்ப விஷம் உள்ளே போயிருக்கும். யாரு நாய்?"

"தெரு நாய் சார். கடிச்சிட்டு ஓடிப்போச்சு."

டாக்டர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. தினம் ஒன்று.

அன்று சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், ராஜாத்தியிடமும் அதே பொய்யைச் சொல்ல வேண்டியதாயிற்று. "சனிக்கெழம வேலைக்குப் போற வழியில ஒரு தெரு நாய் கடிச்சிடுச்சு. நீ பயந்துக்குவேன்னு சொல்லல."

ராஜாத்தி கோவென்று அழுதுவிட்டாள். அவன் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மஞ்சள் அரைத்துப் போட்டாள். காலையில் அவனுக்கென்று முட்டை வேகவைத்தாள். அந்த முட்டையை அவன் பாதியிலேயே வைத்துவிட்டான். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான். தான் அடித்துச் சத்தியம் செய்த அவள் தலையைப் பார்த்தான். எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான்.

மூன்றாவது ஊசி போட்டபோது வயிறு பலாப்பழம் மாதிரி வீங்கிக் கனத்தது.

"இன்னும் பதினொண்ணா?" என்று கம்பவுண்டரிடம் கேட்டான். "கொறைக்க முடியாதா சார்?"

"தெரு நாய்னா முடியாதுப்பா. வளக்குற நாயா இருந்தா பத்து நாள் கட்டி வெச்சுப் பாப்போம். நாய் நல்லா இருந்தா பத்தோட நிறுத்திடலாம்."

கிருஷ்ணப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டான். நான்கு ஊசி மிச்சம்.

"வளக்குற நாய்தான் சார்."

"தெரு நாய்னு எழுதியிருக்கே?"

"அக்கம்பக்கத்துல பகையாவுமேன்னு அப்டி சொல்லிட்டேன்."

"யாரு வீட்டு நாய்?"

அவனுக்குத் தெரிந்த வளர்ப்பு நாய் ஒன்றுதான். அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் கடைசி வீட்டுச் சிலுவையம்மாளின் நாய். சிலுவையம்மாள் தையல் மிஷின் வைத்து அந்த லைன் முழுக்க ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். அவள் மகள் ஃப்ளோரன்ஸ் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தாள். நாயின் பேர் பிரவுனி. வாசலில் சாக்கின் மேல் படுத்துக்கொண்டு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வாலை ஆட்டும். கிருஷ்ணப்பன் அந்த லைனுக்குக் குடிவந்து பத்து மாசம்தான். சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் பயம். ஆகவே அவன் அந்த வாசலைத் தாண்டும்போது எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு போவான்.

"கடைசி வூட்டு சிலுவையம்மா நாய் சார்" என்றான். சொன்னவுடன் காது இரண்டும் சுட்டது.

மறுநாள் காலையில் சுகாதார இன்ஸ்பெக்டர் அத்தாவுல்லா குடையும் நோட்டுப் புத்தகமுமாக வந்துவிட்டார். குழாயடியில் தண்ணீருக்கு நின்ற பெண்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டுக் கூடினார்கள். அவர் நாயிடமிருந்து பத்தடி தள்ளி நின்று, குடையால் அதைச் சுட்டிக் காட்டினார்.

"இந்த நாய்தானே?"

கிருஷ்ணப்பன் தரையைப் பார்த்துத் தலையாட்டினான்.

சிலுவையம்மாள் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"எங்க பிரவுனியா உன்னைக் கடிச்சுது, நைனா? நல்லா பாத்தியா?"

"ஆமா அத்தே."

"தொடையிலயா?"

"ஆமா அத்தே."

"ரத்தம் வந்துச்சா?"

"ரெண்டு பல்லு எறங்கிடுச்சு அத்தே."

சிலுவையம்மாள் நாயைத் திரும்பிப் பார்த்தாள். "சரி. கட்டி வெச்சிடறேன்" என்று மட்டும் சொன்னாள். சண்டைக்கு வருவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். அவள் ஒரு வார்த்தை கூடத் திட்டாததுதான் அவனை என்னவோ செய்தது. பக்கத்தில் ராஜாத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்க உள்ளே ஓடினாள். ஐயோ, திரும்பவும் அழுகிறாளே என்று அவன் குன்றிப் போனான்.

அன்றிலிருந்து லைனில் அவன் நிலைமை தலைகீழாயிற்று. அவன் குழாயடிக்கு வந்தால் பெண்கள் பத்தடி விலகி நின்றார்கள். ஒரு நாள் அவன் இருமினான். எதிர் வீட்டுப் பட்டம்மாள், "ஐயய்யோ, கொலைக்க ஆரம்பிச்சிடுச்சே!" என்று அலறிக்கொண்டு குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் பின்னால் லைனே ஓடியது. ராஜாத்தி அவனுக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்தாள். தினம் காலையில் அவனுக்கு எதிரே ஒரு சொம்பு நிறையத் தண்ணீரை வைத்து, "தண்ணியைப் பாத்தா இன்னாவா கீது? பயமா கீதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லடி!"

"அப்போ குடி. பட்டம்மா பாத்துகினு கீறா."

அவன் லைன் முழுக்கப் பார்க்க மடக் மடக்கென்று ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தான்.

இதைவிடக் கொடுமை நாயின் நிலைமை. பிறந்ததிலிருந்து கயிறு பார்க்காத நாய், சுவரோரம் சுருண்டு படுத்துவிட்டது. வாலாட்டுவதையும் விட்டுவிட்டது. இன்ஸ்பெக்டர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து, பத்தடிக்கு அப்பால் நின்று, "சுறுசுறுப்பு கம்மி" என்று எழுதிக்கொண்டு போனார்.

"சார், அது நல்லாத்தான் கீது" என்றான் கிருஷ்ணப்பன்.

"அதை நீ சொல்லக்கூடாது. கடிபட்டவன் நீ. நாய் நல்லா சாப்பிடணும். சாப்பிடாத நாயை நான் நம்பமாட்டேன்."

அது சாப்பிட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கிருஷ்ணப்பன் கறிக்கடையில் நின்று நல்ல எலும்பாகப் பார்த்து வாங்கினான். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நாயின் அருகே போனான். கண்ணை இறுக மூடிக்கொண்டு எலும்பை நீட்டினான்.

ஈரமாக, வெதுவெதுப்பாக எதுவோ அவன் கையைத் தடவியது. பிரவுனி எலும்பை விட்டுவிட்டு அவன் விரல்களை நக்கிக்கொண்டிருந்தது. கயிற்றோடு எழுந்து நின்று, மூன்று நாளாக ஆட்டாத வாலை அவனைப் பார்த்து ஆட்டியது.

கிருஷ்ணப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான்கு ஊசிக்காக இதைக் காட்டிக்கொடுத்தோம். இதற்கு அது கூடத் தெரியவில்லை. "மன்னிச்சிடு கண்ணு" என்று முணுமுணுத்தான். தையல் மிஷின் சத்தம் நின்றது போலிருந்தது. நிமிர்ந்து பார்க்காமல் வீட்டுக்கு ஓடிவிட்டான்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தபோது எலும்பு போட்டது போட்டபடி கிடந்தது.

"யாரு எலும்பு போட்டது?"

"நான்தான் சார்" என்றான் கிருஷ்ணப்பன் பெருமையாக.

"நல்ல வேலை செஞ்சே. இல்லேன்னா தெரிஞ்சிருக்காது." அத்தாவுல்லா இன்னும் ஐந்தடி பின்வாங்கினார். "நக்கியிருக்கு, கடிக்கலை. தாடை விழுந்துபோச்சு. வெறியிலே இது ஒரு ரகம். கொலைக்காது, ஓடாது, வாய் மட்டும் வேலை செய்யாது. நாளைக்குக் காலையிலே வண்டி வரும். கொண்டு போயிடுவாங்க."

"கொண்டு போயி?"

இன்ஸ்பெக்டர் குடையை விரித்தார்.

அன்று சாயங்காலம் ராஜாத்தி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் மெதுவாக இருந்தது.

"இன்னாங்க, நெஜமாவே அந்த நாய்தான் கடிச்சுதா? இப்பவாச்சும் சொல்லு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. நாயைச் சொன்னால் லீவைச் சொல்ல வேண்டும். லீவைச் சொன்னால் குத்துச்சண்டை. குத்துச்சண்டை என்றால் சத்தியம்.

"அதான் கடிச்சுதுன்னு சொல்றேனே" என்றான். அவள் பெருமூச்சு விட்டு எழுந்து போனாள். தன் வாயிலிருந்து வந்த பேச்சைக் கேட்டு அவனுக்கே அருவருப்பாக இருந்தது. சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வண்டி வந்தது. கூண்டு வைத்த வண்டி. அதற்குள்ளே ஏற்கெனவே இரண்டு தெரு நாய்கள் நின்றன. ஒருவன் கம்பி வளையத்தோடு இறங்கினான். பிரவுனி எழுந்து அவனைப் பார்த்தும் வாலை ஆட்டியது.

"நிறுத்துய்யா!" என்று கத்திக்கொண்டு கிருஷ்ணப்பன் நாய்க்கும் வளையத்துக்கும் நடுவே போய் விழுந்தான். "அது கடிக்கல. எந்த நாயும் என்னைக் கடிக்கல சார்!"

"அப்போ அந்தக் காயம்?" என்றார் அத்தாவுல்லா.

"நானே குத்திகினேன் சார். டின் தகட்டால."

"எதுக்கு?"

"லீவுக்கு."

"லீவுக்கு எட்டு ஊசியா போட்டுகிட்டே?"

லைன் முழுக்க வாசலில் நின்றது. கிருஷ்ணப்பன் யாரையும் பார்க்கவில்லை. நாயின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குத்துச்சண்டையிலிருந்து கம்பவுண்டர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். "போவமாட்டேன்னு எம் பொண்டாட்டி தலைல அடிச்சு சத்தியம் பண்ணிட்டுப் போனேன் சார். நாலு ஊசி மிச்சம் ஆவும்னு இந்த வாயில்லா ஜீவனை மாட்டிவுட்டேன். ஃபோர்மேன்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். இதை வுட்ருங்க."

"சரிப்பா. அப்போ நாய் ஏன் எலும்பு தின்னலை?"

"அது எப்பவுமே எலும்பு துன்னாது சார்" என்றாள் சிலுவையம்மாள். உள்ளே போய் டீயில் ஊறப்போட்ட பன்னைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து வைத்தாள். பிரவுனி அதைத் தலை நிமிராமல் தின்று, கிண்ணத்தையும் நக்கி, ஒரு சட்டித் தண்ணீரையும் குடித்தது. அத்தாவுல்லா நோட்டுப் புத்தகத்தில் மூன்று பக்கங்களைக் குறுக்கே அடித்தார். கிருஷ்ணப்பனைத் தலையிலிருந்து கால் வரை ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார்.

கிருஷ்ணப்பன் சிலுவையம்மாளின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அத்தே, என்னை செருப்பால அடி."

"ஏந்திரி நைனா. நீயா வந்து சொல்லுவேன்னு அன்னியிலேந்து காத்துகினு கீறேன். கொஞ்சம் லேட் பண்ணிட்டே. வண்டிக்காரன் கைய வெச்சிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

அவன் விழித்தான். "அன்னியிலேந்தா? நான் பொய் சொல்றேன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

பட்டம்மாள் குடத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ராஜாத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மறுபடியும் தோள் குலுங்கினாள். ஆனால் இந்தத் தடவை முந்தானை நழுவியது. அவள் அழவில்லை.

டெலிபோன் ஆபீசுக்குக் கிளம்பி நின்ற ஃப்ளோரன்ஸ், பிரவுனியின் வாயை இரண்டு விரலால் மெல்லத் திறந்து அவனுக்கு நேராகக் காட்டினாள்.

"இதுக்கு ஒரு பல்லு கூடக் கெடையாதுன்னு இந்த லைன்ல தெரியாத ஒரே ஆளு நீங்கதான், அண்ணாத்தே."