வெர்லின் தூங்கிய வீடு

"ஓபல் தேர்தல்ல நிக்கிறாளாம்" என்று டார்லா சொன்னதும், வெர்லின் ஸ்டோல்ட்ஸுக்கு முள்ளே இல்லாத பொரித்த மீன் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை. சர்ச் ஹாலில் மீன் விருந்து. ஊரே பக்கத்து மேசைகளில் இருந்ததால், வெர்லின் முகத்தில் சிரிப்பை விடாமல் இருமினார்.

"எந்த ஓபல்?"

"ஊர்ல எத்தனை ஓபல் இருக்கா? ஸ்கூல் பஸ் ஓட்டுறாளே, அவதான். பாலம் ஒடஞ்சு கெடக்கு, பதினோரு மைல் சுத்திப் போறேன், பிள்ளைங்க பஸ்லயே தூங்கிடுதுன்னு சொல்றா. நியாயம்தானே?"

"நீ யாரோட பொண்டாட்டி?"

"அதான் மெதுவாச் சொல்றேன்."

வெர்லின் இருபத்திரண்டு வருடமாகக் கவுண்ட்டி என்னும் மாவட்ட மன்றத்தின் உறுப்பினர். அதில் பத்து வருடம் தலைவர். அந்தப் பாலத்துக்கு ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னாலும் தவறாமல் ரிப்பன் வெட்டியவர். பாலம்தான் வரவில்லையே தவிர, ரிப்பனில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஓபலோ ஊரில் பாதிப் பேரை முதல் வகுப்பிலிருந்து பஸ்ஸில் ஏற்றி இறக்கியவள், மூக்குச் சளி துடைத்துவிட்டவள். நின்றால் ஜெயித்துவிடுவாள். தலைவர் நாற்காலி போய்விட்டால் தான் யார் என்பது வெர்லினுக்கே தெரியாது.

நல்லவேளையாக, பத்து வருடத்துக்கு ஒருமுறை தொகுதி எல்லைகளைத் திருத்தி வரையும் வருடம் அது. வரைவது அதே மன்றம். திருடன் கையில் சாவி.

திங்கட்கிழமை காலை, வரைபடம் போடும் கிப்பைக் கூப்பிட்டார். கிப்புக்கு ஐம்பது வயது. எந்நேரமும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பார். யார் எதைச் சொன்னாலும் வரைந்துகொடுப்பார்.

"ஓபல் தெரு நம்ம தொகுதியில வேணாம்."

"வெட்டிறலாம் தலைவரே. ஆனா நூத்தி எண்பது தலை குறையும். எல்லாத் தொகுதியிலயும் தலை சமமா இருக்கணும்னு சட்டம்."

"வேற தெருவைச் சேரு."

"அந்தத் தெருவுக்கும் ஓபல் பஸ்தானே போகுது?"

வெர்லின் தலையில் கைவைத்தார். கிப் ஒரு விதையைக் கடித்து உமியைத் துப்பினார்.

"ஊருக்கு வெளியே மாநிலச் சிறை இருக்கு. ஒரு பிளாக்குக்கு இருநூறு பேர். தலைக்கணக்குல வருவாங்க, ஓட்டு கிடையாது. தங்கமான ஜனங்க தலைவரே. பாலம் கேக்க மாட்டாங்க."

வெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மக்களுக்காகத்தானே இருபத்திரண்டு வருடம் காத்திருந்தார்!

ஓபல் தெரு போயிற்று, ஏ பிளாக் வந்தது. ஓபல் சும்மா இருக்கவில்லை. பெட்டி படுக்கையோடு தங்கை வீட்டுக்குக் குடிவந்தாள். தங்கையின் தெருவும் போயிற்று, பி பிளாக் வந்தது. தங்கை போகிற சர்ச்சில் ஓபலின் தேர்தல் செலவுக்காக ஆப்பிள் பை பலகாரம் சுட்டு விற்றார்கள். சர்ச்சைச் சுற்றி நாலு தெரு போயின, சி பிளாக் வந்தது. முடிதிருத்துபவர் கடைக் கண்ணாடியில் ஓபல் படத்தை ஒட்டினார். அவர் தெருவை வெட்டிவிட்டு டி பிளாக்கைச் சேர்த்தார்கள். தொகுதி இப்போது முதன்முறை பிழிந்த முறுக்கு மாதிரி இருந்தது.

"பொதுமக்கள் கருத்துக் கேக்கணுமே தலைவரே?"

"கேட்டாச்சுன்னு எழுது."

"என்ன சொன்னாங்கன்னு எழுத?"

"சந்தோஷப்பட்டாங்கன்னு எழுது."

மன்றம் ஏழு நிமிடத்தில் வரைபடத்தை நிறைவேற்றியது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நாளைக்கு வேறு எவனாவது திருத்திவிடக் கூடாதே என்று வெர்லின் கூடவே ஒரு தீர்மானமும் போட்டார். பத்து வருடத்துக்கு இந்த வரைபடத்தில் எவரும் கைவைக்கக் கூடாது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை கிப் வந்து நின்றார். வாயில் விதை இல்லை. அதைப் பார்த்ததுமே வெர்லின் எழுந்து கதவைச் சாத்தினார்.

"டி பிளாக்கைச் சேர்த்ததுல முப்பத்தொரு தலை கூடிப்போச்சு தலைவரே. சரியா முப்பத்தொரு தலை இருக்கிற தெரு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. கூட்டத்துக்கு முன்னாடி அவசரமா அதை வெளியே எடுத்துட்டேன்."

"எந்தத் தெரு?"

"உங்க தெருதான்."

"மாத்துய்யா!"

"கைவைக்கக் கூடாதுன்னு நேத்து தீர்மானம் போட்டது யாரு? நானா?"

தொகுதிக்குள் குடியிருக்காதவர் நிற்க முடியாது. தொகுதியில் மிச்சமிருந்தவை சிறை, கல்லறைத் தோட்டம், ஒரு பன்றிப் பண்ணை, சிறை வாசலுக்கு எதிரே பூட்டிக் கிடந்த ஒரு சின்ன வீடு. வெர்லின் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தார். வேட்புமனுவோடு பைபிளில் கைவைத்து ஓர் உறுதிமொழியும் கொடுத்தார். 'நான் இந்த வீட்டில்தான் குடியிருக்கிறேன். தினமும் இரவு இங்கேதான் தூங்குகிறேன்.'

அந்த வீட்டில் கட்டில்கூடக் கிடையாது.

விஷயம் முதலில் டார்லா முடிவெட்டிக்கொள்ளும் கடைக்குப் போய், அங்கிருந்து டார்லாவுக்கு வந்தது.

"தனியா வீடு எடுத்திருக்கியாமே! யார் அவ?"

"ஐயோ, எவளும் இல்லடி! தேர்தல் போர்டு போட்டுவைக்க ஒரு எடம்."

"அங்க ராத்திரி தங்குறியா?"

"முப்பத்தொரு வருஷமா என் குறட்டையைக் கேக்குறவ நீ. என்னிக்காவது கேக்காம இருந்திருக்கியா?"

"பைபிள் மேல கைவச்சு சொல்லு."

கைவைத்தார். ஒரே வாரத்தில் இரண்டு சத்தியம். ஒன்று அங்கே தூங்குகிறேன் என்று, இன்னொன்று அங்கே தூங்கவே இல்லை என்று. இரண்டாவது சத்தியம் உண்மையாக இருந்தது அவருக்கே புது அனுபவம்.

பிறகு பனி கொட்டியது. அந்த ஊரில் வாசல் பனியை அள்ளாதவன் செத்திருக்க வேண்டும், இல்லை ஊரில் இருக்கக் கூடாது. சிறைக் காவலர் டுவைட் வேலைக்கு வரும்போதெல்லாம் எதிர்வீட்டைப் பார்த்தார். மூன்று வாரமாக முழங்கால் அளவுப் பனியில் ஒரு காலடித் தடமும் இல்லை. உள்ளே யாராவது விறைத்துக் கிடக்கிறார்களோ என்று பயந்து ஓபலிடம் சொன்னார். தொகுதிக்கு வெளியே தள்ளப்பட்ட ஓபலால் தேர்தலில் நிற்கத்தான் முடியாது, வழக்குப் போட முடியும். போட்டாள்.

"உங்க மனைவியைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். நல்ல குடும்பஸ்தன்னு தெரிஞ்சா ஜட்ஜ் நம்புவார்" என்றார் வெர்லினின் வக்கீல்.

"அவ வேணாம்."

"ஏன்?"

ஏன் என்று எப்படிச் சொல்வது? விசாரணை நாளன்று டார்லா தேவாலயத்துக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாய் வந்து உட்கார்ந்திருந்தாள். வெர்லின் சட்டையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல் வக்கீல் அவளைக் கூண்டில் ஏற்றி, தேன் ஒழுகக் கேட்டார்.

"அம்மா, உங்க கணவர் தினமும் ராத்திரி சிறைக்கு எதிர்வீட்லதானே தூங்குறார்?"

டார்லாவின் முகம் சிவந்தது.

"என்ன வார்த்தை சொன்னீங்க!"

"இல்லம்மா, நான் என்ன கேக்குறேன்னா…"

"ஒண்ணும் கேக்க வேணாம்! எம் புருஷன் பாலம் கட்டாம இருக்கலாம். ஊரை ஏமாத்தலாம். ஆனா முப்பத்தொரு வருஷத்துல ஒரு ராத்திரி என்னை விட்டு வெளிய தூங்கினதில்ல! அந்த வீட்ல கட்டிலே கிடையாது, நானே போய் ஜன்னல் வழியாப் பாத்தேன். பைபிள் மேல சத்தியமும் பண்ணிருக்காரு!"

ஜட்ஜ் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். ஓபல் தலையைக் குனிந்துகொண்டாள். ஒருவேளை சிரிப்பை மறைக்கவோ என்னவோ. டார்லா கணவனைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினாள். இவ்வளவு நல்ல பெயரை அவருக்கு அதுவரை யாரும் வாங்கிக் கொடுத்ததில்லை.

பொய்ச் சத்தியத்துக்கு ஒன்றரை வருடம்.

எங்கேயாவது முகம் தெரியாத ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று வெர்லின் மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் வண்டி இருபது நிமிடத்தில் நின்றுவிட்டது. கம்பி ஜன்னலுக்கு வெளியே அந்தச் சின்ன வீடு தெரிந்தது. வாசலில் பனி அப்படியே இருந்தது. அவருக்கு அழுகை வந்தது.

உள்ளே மேசையில் டுவைட் பதிவேட்டைத் திறந்துவைத்திருந்தார். பெயர் கேட்டார், எழுதினார். முகவரி கேட்டார். வெர்லின் பழக்கதோஷத்தில் தன் தெருப் பெயரைச் சொன்னார். டுவைட் அதை எழுதவில்லை. டி பிளாக் என்று எழுதி, பதிவேட்டை மூடிவிட்டு, மரியாதையாக எழுந்து நின்றார்.

"இனிமே உங்களை ஒருத்தனும் பொய்யன்னு சொல்ல முடியாது தலைவரே. இந்தத் தொகுதியிலதான் குடியிருக்கீங்க, தெனமும் ராத்திரி இங்கதான் தூங்கப்போறீங்க. தலைக்கணக்குல சேர்த்தாச்சு, ஓட்டுதான் கிடையாது."