எதுக்கு சாரிடம் நான் ஸ்கிரீனாக இருந்தேன்

கவிதா, அருண், நீங்கள் ரெண்டு பேரும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அவசரமில்லை. ஒரு நாளைக்கு ஒரு பத்தி படித்தாலும் போதும். ஆனால் இந்த மனிதரைப் பற்றி மராத்தியில் சொன்னால் பாதி மனிதர்தான் வருவார், அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

பூனா முழுக்க, ஏன், இந்தியா முழுக்கத் தேடினாலும், ஒரு நாற்காலி கேட்டு வந்தவரை அரை மணி நேரம் விசாரித்து, கடைசியில் அவர் கேட்டதைவிட நல்ல நாற்காலியைக் கொடுத்தனுப்பிய மனிதர் எதுக்கு சார் ஒருவர்தான்.

பூனாவில் மகர்பட்டா பக்கம் டவர்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த சமயம். அங்கே ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் நான் பேன்ட்ரி பார்த்துக்கொண்டிருந்தேன். டீ போடுவது, தட்டு கழுவுவது, மீட்டிங் ரூம் துடைப்பது எல்லாம் என் பொறுப்பு. சார் கோயம்புத்தூர்க்காரர். ஒல்லியாக, சட்டைப் பையில் மூன்று மார்க்கர் பேனாவோடு இருப்பார். நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மராத்திக்காரர்கள் 'கஷாலா சர்' என்பார்கள், ஹிந்திக்காரர்கள் 'கிஸ்லியே சர்' என்பார்கள், நான் ஒருவன் மட்டும் 'எதுக்கு சார்' என்பேன். அர்த்தம் எல்லாம் ஒன்றுதான். யார் எதைக் கேட்டாலும் அவர் முதலில் கேட்பது அந்த ஒரு கேள்விதான்.

புதிதாக வந்த மேனேஜர் ஒருநாள் இவர் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்தார். எதுக்கு என்று கேட்டார் சார். உட்காரத்தான் என்றார் மேனேஜர். உட்கார என்று எல்லோரும்தான் சொல்வார்கள், சாய்ந்து உட்காரவா, எழுந்து எழுந்து உட்காரவா, உங்களுக்குப் பிறகு வேறு யாராவது உட்காருவார்களா, எப்போது திருப்பித் தருவீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். மேனேஜர் நின்றுகொண்டே பதில் சொன்னார். கடைசியில் சார் எழுந்துபோய்ச் சக்கரம் இல்லாத வேறொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். மேனேஜருக்கு முதுகுவலி இருந்த விஷயம் அதுவரை ஆபீசில் யாருக்கும் தெரியாது.

ஊரிலிருந்து அவர் சம்சாரம் போன் பண்ணி, வரும்போது ஒரு பாத்திரம் வாங்கி வரச் சொன்னார்களாம். அன்றைக்கு என்னிடம் வந்து வருத்தப்பட்டார். "பாத்திரம் எதுக்குங்கன்னு கேட்டேன் சேகர். பால் காய்ச்சவா, குழம்பு வைக்கவா, அடுப்புல வெச்சதையே மேஜைக்குக் கொண்டாரணுமான்னு. போனை வெச்சுட்டாங்க. நான் கேட்டது தப்புங்களா?"

அது அவருடைய தொழில் புத்தி. கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் ஜன்னல் ஜன்னலாகத் தெரிகிறதே, விண்டோ, அவை ஒவ்வொன்றும் மெமரியில் கொஞ்சம் இடம் பிடித்து, அங்கே படத்தை வரைந்துவிட்டுத்தான் ஸ்கிரீனுக்கு வருகின்றனவாம். அந்த இடத்துக்கு பஃபர் என்று பெயர். வரைகிற சிப்புக்கு இடம் ஒரு மாதிரி இருக்க வேண்டும், சினிமா ஓட்டுகிற சிப்புக்கு ஒரு மாதிரி, காட்டுகிற ஸ்கிரீனுக்கு இன்னொரு மாதிரி. எல்லோரும் எப்படிக் கேட்பது, எப்படிக் கொடுப்பது, எப்போது திருப்புவது என்று ஒரே முறையாக ஏற்படுத்துவதுதான் சாருக்கு வேலை. அதை இன்டர்ஃபேஸ் என்றார்கள். பத்தாவதோடு நின்றவன் நான், எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அவர் என்னையே ஸ்கிரீனாக நிறுத்திவிட்டார்.

கம்ப்யூட்டரில் எழுதும் முன்னால் எதையும் ஆட்களை வைத்து நடத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேன்ட்ரியில் ஒத்திகை நடக்கும். அலமாரிப் பக்கம் ஸ்டூல் போட்டு சார் உட்கார்ந்துகொள்வார். மெமரி கொடுக்கிறவர் அவர். ஸ்நேகல் என்று ஒரு பூனாக்காரப் பெண் இன்ஜினியர், அவள் வரைகிறவள். கையை உயர்த்தி எல்லோருக்கும் காட்டுகிறவன், அதாவது ஸ்கிரீன், நான். பேன்ட்ரி ட்ரேதான் பஃபர்.

ஸ்நேகலுக்குச் சுற்றிச் சுற்றி வரைய வட்டத் தட்டுதான் வசதி. தூக்கிக் காட்ட எனக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ட்ரே வேண்டும். பழைய முறையில் அவள் "ஒரு தட்டு" என்று மட்டும் கேட்பாள், வட்டத் தட்டு கிடைக்கும், மார்க்கரால் பூ வரைவாள். அதை என்னால் தூக்கிப் பிடிக்க முடியாது. அதே பூவைக் கைப்பிடி ட்ரேயில் மறுபடி பார்த்து வரைய வேண்டும். கம்ப்யூட்டரில் படம் தடுக்கித் தடுக்கி ஓடுவது இதனால்தான். சாருடைய முறையில், கேட்கும்போதே எதற்கு, யார் யார் கை படும் என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால், கைப்பிடியும் உள்ள வட்ட ட்ரேயாக அவரே தேடி எடுத்துக் கொடுப்பார். எங்கே வைத்திருந்தார், எப்படித் தேடினார் என்று நாம் கேட்கக் கூடாது.

இன்னொரு சட்டமும் உண்டு. நான் முடிந்தது என்று சொல்லும் வரை என் கையிலிருந்து ட்ரேயைப் பிடுங்கக் கூடாது. ஒருநாள் ஸ்நேகல் அவசரப்பட்டு, நான் தூக்கிப் பிடித்திருக்கும்போதே அதில் வரைய ஆரம்பித்தாள். மேலே பழைய பூ, கீழே புதுப் பூ, நடுவில் என் சட்டையெல்லாம் நீல மை. ஸ்கிரீனில் படம் கிழிகிறது என்பார்களே, அது இதுதான் என்று சார் கை தட்டினார். அந்தச் சட்டையை உங்கள் அம்மா துவைக்கும்போது ஆபீசில் நிஜமாகவே டீதான் போடுகிறாயா என்று கேட்டாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் மேனேஜர் வந்து சொன்னார். வேலை கொடுக்கிற வெளிநாட்டு கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வருகிறாள், சாருடைய டிசைன் பிடித்தால் நடக்கும், பிடிக்காவிட்டால் பூனாவில் இந்த டீமையே மூடிவிடுவார்கள். டீம் இல்லாவிட்டால் பேன்ட்ரியும் இல்லை. கவிதா, நீ அப்போது உன் அம்மா வயிற்றில் ஏழு மாதம்.

அந்த அம்மா வந்தாள். வெட்டிவிட்ட நரைமுடி, சிரிக்காத முகம். மீட்டிங் ரூமில் மேனேஜர் படம் படமாகப் போட்டுக் காட்டினார். அந்த அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் ஏதோ கேட்டாள். சாருக்குப் பெரிய மனிதர்கள் முன்னால் இங்கிலீஷ் தொண்டையிலேயே நின்றுவிடும். எழுந்தார். பேன்ட்ரிக்கு வந்தார். "ட்ரே எடுத்துட்டு வாங்க சேகர்" என்றார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஆனால் அந்த அம்மா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, தானே வரைகிறேன் என்று மார்க்கரை வாங்கிக்கொண்டாள். மீன் வரைந்தாள். நான் தூக்கிக் காட்டினேன். அடுத்த ட்ரேயில் மீன் கொஞ்சம் நகர்ந்தது. எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது, எனக்குத் தீய்ந்த வாசனை வரும் வரை. அவளுக்கு டீ போடப் பேன்ட்ரியில் பால் வைத்திருந்தேன்.

ஓடினேன். கையில் ட்ரேயோடு ஓடினேன். அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்து, மிச்சப் பாலில் டீ போட முடியுமா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது ரூமில் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா காலி ட்ரேக்காகக் கை நீட்டியபடி நின்றிருந்தாள். சார் அந்த ரூம் அலமாரி அருகில் வெறுங்கையோடு நின்றார். கொடுக்க வேறு ட்ரே இல்லை, என்னோடு போனதைக் கேட்டு வாங்க நானும் இல்லை. எல்லாம் நின்றுவிட்டது. உங்கள் அம்மா முகம்தான் எனக்கு நினைவு வந்தது.

"எங்கீங்க போனீங்க?" என்றார் சார், தமிழில்.

"பால் பொங்கிடுச்சு சார்."

"தட்டு?"

"கையிலயே இருக்கு சார்."

"நீங்க திரும்பி வரவே இல்லீன்னு வெச்சுக்கங்க."

"எங்க சார் போவேன்?"

"இல்லீங்க, செத்தே போய்ட்டீங்க. தட்டு உங்க கையில. இப்ப நான் என்னங்க பண்றது?"

அவர் என்னைத் திட்டவில்லை, பிள்ளைகளே. நிஜமாகவே கேட்டார். அந்த முகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது. தன் வேலையில் இருந்த ஓட்டையை, வாசலுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்த ஒரு மனிதரை அன்றைக்குத்தான் கண்டேன். அந்த அம்மா பக்கம் திரும்பி, இது எங்கள் டிசைனில் இல்லை, இப்போதுதான் தெரிந்தது என்று நல்ல இங்கிலீஷில் சொன்னார். அப்போது தொண்டை அடைக்கவே இல்லை. மேனேஜர் பக்கத்தில் வந்து அவர் காலை மிதித்தார் என்று ஸ்நேகல் பிறகு சொன்னாள். சார் நகர்ந்து நின்றுகொண்டாராம்.

சரிசெய்ய எவ்வளவு நாள் என்று அந்த அம்மா கேட்டாள். தெரியாது என்றார். தெரிந்ததும் எழுது என்று சொல்லிவிட்டு, தீய்ந்த பாலில் நான் போட்ட டீயை முழுக்கக் குடித்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சார் யாரையும் எதற்கு என்று கேட்கவில்லை. ஆபீசே பயந்துபோனது. நாற்காலிகள் இஷ்டத்துக்குப் போய் வந்தன. அவர் ஜன்னல் ஓரம் நின்று, கீழே ரோட்டில் போகிற டூவீலர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பேன்ட்ரிக்கு வந்து, தானே டீ ஊற்றிக்கொண்டு சொன்னார். "தட்டை நான் உங்களுக்குத் தந்துட்டேன்னு நெனச்சுட்டிருந்தேன் சேகர். அங்கதான் தப்பு. நீங்க இருக்கற வரைக்கும் பிடிச்சுக்கங்க, அவ்வளவுதானுங்க. நீங்க இல்லீன்னு தெரிஞ்சா உங்க பிடி தானா விட்டுரணும். வேற யாராச்சும் அதைப் பிடிச்சிருந்தா, அவங்க முடிக்கற வரைக்கும் தட்டு அவங்ககிட்டயே இருக்கோணும். யாரும் பிடிக்கலீன்னாதான் அது அலமாரிக்கு."

எனக்கு ஏனோ அது கம்ப்யூட்டர் விஷயமாகத் தோன்றவில்லை.

அதை எழுதி அனுப்பினார். பதில் வந்தது. டீம் பிழைத்தது, பேன்ட்ரி பிழைத்தது, கவிதா, நீ பிறந்தாய். ஆனால் டிசைன் பிடித்துப்போனதால், அதைச் செய்தவரே வேண்டும் என்று அந்த அம்மா சாரைத் தன் ஊருக்கே அழைத்துக்கொண்டாள். வழியனுப்பு விழாவில் மேனேஜர் ஒரு பெட்டி பரிசு கொடுத்தார். சார் பெட்டியையும் மேனேஜரையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் திறப்பதற்குள் எல்லோரும் சேர்ந்து கை தட்டிவிட்டோம்.

அவர் போன பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஆபீசில் யாரும் இல்லை. மீட்டிங் ரூமைத் துடைக்கப் போனேன். சாருடைய முறையை வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருந்த கம்ப்யூட்டர், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்கிரீனோடு ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்க ஸ்கிரீனில் கடல் படம். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பின்னால் குனிந்து, அந்த ஸ்கிரீனின் ஒயரை உருவினேன். அது கறுத்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் கடல் வலது பக்க ஸ்கிரீனுக்கு வந்து, விட்ட அலையிலிருந்தே ஓடத் தொடங்கியது.

இடது பக்கம் பிடி விட்டது, தட்டு விழவில்லை. பிறகு, "சார்" என்று ஒரு தடவை சும்மா கூப்பிட்டுவிட்டு, ஒயரைத் திரும்பச் செருகினேன்.