மூன்றாவது கொட்டேஷன்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தபோது மூன்று கொட்டேஷன் வாங்கவில்லை. அதனால்தான் இன்றுவரை கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட அவசரங்களிலிருந்து உலகத்தைக் காப்பாற்றும் பொருட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு போல்ட்டு செய்யும் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் ஞானசேகரன் பதினெட்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தார். மூன்று கொட்டேஷன் இல்லாமல் அவர் ஒரு குண்டூசி வாங்கியதில்லை. அவர் குண்டூசியே வாங்கியதில்லை என்று சொல்பவர்களும் உண்டு, அது பொறாமை.

ஒரு செவ்வாய்க்கிழமை, கோவில்பதாகை ஃபிளாட்டில், அவர் மனைவி சுலோசனாவின் செல்போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. உயிர் பிழைத்தது, மைக் மட்டும் போய்விட்டது.

"மைக் வெச்ச இயர்போன் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. விலை கம்மியா இருந்தாப் போதும். அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் போன்லயே எனக்கு இன்டர்வியூ. கஸ்டமர் கேர் வேலை, வீட்லருந்தே பாக்கலாம். மூணு வருஷமாத் தேடி இப்பத்தான் ஒருத்தங்க கூப்பிடுறாங்க. இல்லேன்னா உங்க போனை அன்னைக்குக் குடுத்துட்டுப் போங்க."

"அது ஆபீஸ் போன். சொந்த உபயோகத்துக்கு விதி இடம் குடுக்காது. இயர்போன் வேணும்னா எழுதிக் குடு."

காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்தாள். 'விவரம் போதாது' என்று சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்பினார். அந்தத் தாள் ஹாலுக்கும் அடுப்படிக்குமாக மூன்று முறை போய்வந்தது. ஒயரின் நீளம் என்ன? மைக் வலப்பக்கமா, இடப்பக்கமா? காதுத் துவாரத்தின் அளவு எடுக்கப்பட்டதா? 'இயர்போன் தேர்வுக் கோப்பு' முறைப்படி திறக்கப்பட்டது.

அடுத்து ஆராய்ச்சி. மின்சார ரயிலில் போகவர நாற்பத்தொரு விமர்சன வீடியோக்களைப் பார்த்தார். இயர்போன் இல்லாததால் முழுச் சத்தத்தில் பார்த்தார். பெட்டி முழுவதும் பயனடைந்தது.

சனிக்கிழமை, ஆவடி ஸ்டேஷன் அருகே வேம்புலியின் செல்போன் கடையை 'ஆய்வு' செய்தார்.

"இன்னா சார் வோணும்?"

"மைக் வெச்ச இயர்போன். உங்க லெட்டர்ஹெட்ல ஒரு கொட்டேஷன் குடுங்க."

"இன்னாது, கொட்டேஷனா? நூத்தம்பது ரூபா ஒயரு அண்ணாத்தே இது. நான் இன்னா மேம்பாலமா கட்டித் தர்றேன்?"

"வெளிச்சத்தம் எத்தனை டெசிபல் குறையும்?"

"காதுல உட்டுக்கினு பேசு. அந்தாண்ட கீறவனுக்குக் கேட்டா நல்ல மாலு. கேக்கலேன்னா எட்த்துக்கினு வா, மாத்திக் குடுக்கறேன்."

இவ்வளவு பொறுப்பற்ற தரச்சான்றிதழை ஞானசேகரன் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை. ஆனாலும் பெரிய மனது பண்ணி, வேம்புலியின் விசிட்டிங் கார்டுக்குப் பின்னால் விலையை எழுதி வாங்கி, முதல் கொட்டேஷன் என்று கோப்பில் சேர்த்தார். இரண்டாவது அம்பத்தூரில் கிடைத்தது. மூன்றாவதுதான் சிக்கவில்லை. போன கடைகளிலெல்லாம் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்து அனுப்பிவிட்டார்கள்.

புதன்கிழமை காலை, தட்டில் தோசையைப் போட்டுவிட்டு சுலோசனா சொன்னாள்: "நாளன்னிக்கு இன்டர்வியூ. பயமா இருக்குங்க. எது கிடைச்சாலும் சரி, வாங்கிட்டு வந்துடுங்க."

"'எது கிடைச்சாலும்'ங்கிறது ஸ்பெசிஃபிகேஷன் ஆகாது, சுலோ. விஷயம் பரிசீலனையில இருக்கு."

அவள் கண் கலங்கியதை அவர் கவனிக்காமலில்லை. வெங்காயச் சட்னி அரைத்ததால் என்று எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பத்து ஐம்பதுக்கு, பூந்தமல்லிக் கடை ஒன்றிலிருந்து மூன்றாவது கொட்டேஷன் வந்தேவிட்டது. ஞானசேகரனுக்கு மெய்சிலிர்த்தது. ஒப்பீட்டு அட்டவணை போட்டு, 'பரிந்துரைத்தவர்', 'சரிபார்த்தவர்', 'ஒப்புதல் அளித்தவர்' என்ற மூன்று இடங்களிலும் தாமே கையெழுத்திட்டார். வேம்புலியின் மாலே தேர்வாகியிருந்தது. பதினொன்றேகாலுக்கு நற்செய்தியைச் சொல்ல வீட்டுக்குப் போன் போட்டார். லைன் பிஸி. முக்கால் மணி நேரமும் பிஸி. போன் முழுசாகவே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கோப்போடு வீட்டுக்கு ஓடினார்.

சுலோசனாவின் காதிலிருந்து வெள்ளை ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"நேத்து வேம்புலி கடையில வாங்கினேன். அஞ்சு நிமிஷம் ஆச்சு."

"கொட்டேஷன்?"

"வேலை கிடைச்சிடுச்சு."

ஞானசேகரன் நாற்காலியில் உட்கார்ந்தார். தேர்வு சரிதான், நடைமுறைதான் தவறு என்று கோப்பில் குறித்துக்கொண்டார். பிறகுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"முன் அனுபவம் இல்லாத ஆளை எப்படி எடுத்தாங்க?"

"ஒருத்தர் கூப்பிட்டுக் குறை சொன்னா முதல்ல என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க. அவர் சொல்றதை முழுசாக் காதுல வாங்கிப்பேன்னேன். அனுபவம் உண்டான்னாங்க." ஒயரைச் சுருட்டி வைத்தாள். "காதுல வாங்காத ஆளுகிட்ட பத்து நாளாக் குறை சொன்ன அனுபவம் இருக்குன்னேன். உடனே எடுத்துக்கிட்டாங்க."