மடங்காத முழங்கை

“ஆடாதை பிள்ளை, இன்னும் ஒரு சுத்துத்தான்!”

உருத்திரமூர்த்தி மகளின் முழங்கையில் ஒரு மரக்கரண்டியை வைத்து, பாண்டேஜால் அவசர அவசரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸுக்காக நடுவர் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்.

“அப்பா, பிட்டே, ப்ளீஸ்! எல்லாரும் பாக்கினம்,” என்றாள் மிதுஷா. பன்னிரண்டு வயது. சுவிஸின் ஆராவ் நகரில் உள்ள பீபர் சிறுவர் பேஸ்பால் அணியின் பிட்சர். அதாவது, பந்து எறிகிறவள்.

“பாக்கட்டும். முழங்கை மடங்கினால் அது எறி. எறிஞ்சால் நோ போல்.”

“இது பேஸ்பால் அப்பா. எறியத்தான் வேணும்!”

“எந்த விளையாட்டெண்டாலும் கைக்கு ஒரு மரியாதை கிடக்கு.”

உருத்திரமூர்த்தி ஒரு முதியோர் இல்லத்தில் உதவிச் சமையற்காரர். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணிக்கு வேகப்பந்து வீசியவர். பேஸ்பாலைக் கையால் தொட்டது இந்தக் கோடையில்தான். பழைய பயிற்சியாளர் வேலை மாறி ஜெனீவாவுக்குப் போய்விட, கழகத் தலைவர் பூர்கி பிட்சர்களை இவரிடம் ஒப்படைத்தார்.

சுவிஸுக்கு வந்த நாள் முதல் ‘மூர்த்தி, வெங்காயம்!’ என்று மட்டுமே கூப்பிடப்பட்டவர் அவர். இப்போது ஒரு கூட்டம் பிள்ளைகள் ‘ட்ரெய்னர்’ என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவர் மழையிலும் மைதானத்துக்கு வந்தார்.

இன்றைய ஆட்டம் அரையிறுதி. முடிந்ததும் அடுத்த வருடப் பயிற்சியாளர் யார் என்று பூர்கி சொல்லப்போகிறார். வென்றால் ட்ரெய்னர். தோற்றால் வெங்காயம்.

துன் நகரிலிருந்து வந்த அணியைவிட பீபர் மூன்று ஓட்டங்கள் முன்னால் இருந்தது. இன்னும் மூன்று பேரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும்.

நடுவர் கரண்டியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஏதோ கேட்டார்.

“கை முறிஞ்சு போச்சோ எண்டு கேக்கிறார் அப்பா.”

“முறியேல்லை, நேரா நிக்கத்தான் கட்டினது எண்டு சொல்லு.”

மிதுஷா சொல்லவில்லை. கரண்டியை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆனால் கோடை முழுவதும் நேராக நின்று பழகிய கை, கரண்டி போனதும் மடங்கிவிடுமா? முதல் பந்து வலைக்கு மேலால் பறந்து பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தது. அங்கே அலங்காரத்துக்கு நின்ற மண் குள்ளன் பொம்மையின் தலை உடைந்து போனது. அடுத்தடுத்த பந்துகளும் வானத்தைத் தேடிப் போயின. நான்கு பந்து தவறினால் எதிராளி சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். போனான்.

பெற்றோர் பக்கத்தில் பலத்த கைதட்டல்.

“பிராவோ, ஹெர் மூர்த்தி!”

பூர்கி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

“பிள்ளை பிழை விட்டாலும் தட்டிக் குடுக்கினம். நல்ல சனம்,” என்றார் உருத்திரமூர்த்தி, பக்கத்தில் நின்ற கலாவதியிடம். கலாவதிக்கு மருந்துக்கடையில் வேலை. பந்து பிடிக்கும் ஆருஷின் தாய். சுவிஸ் ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடு.

“ஓம் அண்ணை, நல்ல சனம்,” என்றாள் கலாவதி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

உருத்திரமூர்த்தி அடுத்த ஆயுதத்தை எடுத்தார்.

“மிதுஷா! ஓடி வந்து போடு! ஓட்டம் இல்லாமல் வேகம் வராது!”

அவள் பின்னால் போய், ஓடி வந்து, வீசினாள். நடுவர் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார். பிட்சரின் கால் வெள்ளைப் பலகையில் இருக்கவேண்டும், ஓடுவது குற்றம். தண்டனையாக முதல் பேஸில் நின்றவன் இரண்டாவதற்குப் போனான். பதறிப்போன மிதுஷா அடுத்தவனுக்கும் நான்கு பந்தையும் தவறவிட்டாள். அதற்கடுத்தவனுக்கும் அதே கதை. எல்லாப் பேஸிலும் ஆள். இனி ஒவ்வொரு நடைக்கும் ஒரு ஓட்டம்.

“பிராவோ! பிராவோ!”

“கையைத் தாழ்த்திப் போடு!” என்று கத்தினார். தாழ்த்தினாள். பந்து எதிராளியின் முதுகில் பட்டது. அதற்கும் ஒரு பேஸ் இலவசம், ஒரு ஓட்டம். பிறகு இன்னொரு நடை, இன்னொரு ஓட்டம். இப்போது பீபர் ஒரே ஓட்டம்தான் முன்னால். ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை.

ஒரு தகப்பன் குளிர்பெட்டியிலிருந்து புரொசெக்கோ வைன் போத்தலை எடுத்தார். உருத்திரமூர்த்திக்கு வியர்த்தது.

மிதுஷா கண் கலங்க வந்து நின்றாள். “நான் மாட்டன் அப்பா. வேறை ஆரையும் போடுங்கோ.”

வேறு ஆள் இல்லை. மற்ற இரண்டு பிட்சர்களுக்கும் அவர்தான் பயிற்சி கொடுத்தவர்.

“பிள்ளை, இஞ்சை பார். காத்திலை போட்டதெல்லாம் பிழைச்சுப் போச்சு. நிலத்திலை குத்திப் போடு. விடேக்கை மணிக்கட்டை இப்பிடித் திருப்பு.”

“நிலத்திலை குத்தினாலும் பிழைதான் அப்பா.”

“அவன் அடிக்காமல் விட்டால்தானே பிழை?”

மிதுஷா அவரைப் பார்த்தாள். முதல் முறையாக அவர் பேஸ்பால் விதி ஒன்றைச் சரியாகச் சொல்லியிருந்தார்.

துன் அணியின் உயரமான பையன் மட்டையோடு வந்தான். மெதுவாக, குதித்துக்கொண்டு, முழங்கால் உயரத்தில் ஒரு பந்து வந்தது. வெளியே நின்ற அவனுடைய பயிற்சியாளர், “அடிக்காதே, சும்மா நில்!” என்று அலறினார். எல்லாரும் அப்படியே நின்றிருந்தால் வெற்றி அவர்களுக்குத்தான். ஆனால் அப்படி ஒரு பந்தைச் சும்மா விடப் பன்னிரண்டு வயதில் யாரால் முடியும்? அவன் முழு உடம்பையும் சேர்த்து மட்டையை வீசினான். பந்து நிலத்தில் பட்டுப் பக்கவாட்டில் திரும்பிப் போனது. மட்டை காற்றை வெட்டியது. பின்னால் ஆருஷ் பாய்ந்து பிடித்தான்.

பீபர் பிள்ளைகள் சிரித்தார்கள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. இன்னும் இரண்டு முறை வீசினான். மூன்றும் தவறியதால் ஆட்டமிழந்தான்.

அடுத்தவன் நண்பனுக்காகப் பழிவாங்க வந்தான். அவனும் போனான். துன் பயிற்சியாளர் தொப்பியை நிலத்தில் அடித்தார்.

மூன்றாவதாகக் கண்ணாடி போட்ட ஒரு சிறுமி. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. அசையவில்லை. ஒரு பந்து. இரண்டு. மூன்று. இன்னும் ஒன்று விட்டால் ஆட்டம் சமம்.

மிதுஷா பந்தை இன்னும் மெதுவாக விட்டாள். அது நிலத்தில் பட்டு, எழும்பி, போவதா நிற்பதா என்று யோசித்தது. சிறுமியின் கை தானாகவே எழுந்தது.

வீசினாள். தவறியது. அதற்குப் பிறகு அவளையும் யாராலும் நிறுத்த முடியவில்லை.

பீபர் வென்றது!

“ட்ரெய்னர்! ட்ரெய்னர்!” என்று பிள்ளைகள் பாய்ந்து வந்து உருத்திரமூர்த்தியைப் புல்லில் தள்ளி மேலே விழுந்தார்கள். கும்பலின் உச்சியில் மிதுஷா.

மூச்சுத் திணறி எழுந்தபோதுதான் அவர் கவனித்தார். கைதட்டல் இல்லை. புரொசெக்கோ போத்தல் திரும்பக் குளிர்பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு தாய் வாட்ஸ்அப்பில் யாரிடமோ அழுதுகொண்டிருந்தாள். பூர்கி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன கலாவதி, செத்தவீடு மாதிரி இருக்கினம்? வெண்டிட்டமெல்லோ?”

“அதுதான் அண்ணை பிரச்சினை. இறுதிப் போட்டி எப்ப எண்டு தெரியுமோ?”

“எப்ப?”

“இலையுதிர்கால லீவு தொடங்கிற சனிக்கிழமை. பூர்கி குடும்பம் கிரேக்கத்துக் கிரேத்தா தீவுக்குப் போகுது. மற்றவை இத்தாலி, ஸ்பெயின். எல்லாம் போன வருசமே புக் பண்ணினது. எனக்கு லண்டனிலை அக்காவின்ர மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. சாறிச் சட்டை கூடத் தைச்சாச்சு.”

“அப்ப போட்டிக்குப் போகாமல் விடுவம்.”

“போகாட்டில் அடுத்த வருசம் கழகத்தை விளையாட விடாங்கள். அதாலைதான் கோடை தொடங்கேக்கை பெற்றோர் கூட்டத்திலை வோட்டுக்கு விட்டவை. பிள்ளையளுக்குத் தெரியாமல் அரையிறுதியிலை தோக்கிறது, அதுக்கு ஏற்ற மாதிரி இந்த விளையாட்டே தெரியாத ஒரு ட்ரெய்னரைப் போடுறது எண்டு.”

உருத்திரமூர்த்தி உடம்பில் ஒட்டிய புல்லை உதறினார். மகள் கண்கலங்கி நின்றது கண்ணுக்குள் நின்றது.

“இப்பிடி ஒரு அநியாயமோ? பிள்ளையளைத் தோக்கவைக்கச் சொல்லி ஆர் கை தூக்கினது? ஆள் ஆரெண்டு சொல்லு கலாவதி, இப்பவே போய்க் கேக்கிறன்!”

கலாவதி அவரை ஒரு கணம் பாவமாகப் பார்த்தாள்.

“எல்லாரும்தான் தூக்கினவை அண்ணை. ஆனால் வேலையாலை பிந்தி வந்து, கதவடியிலை நிண்டபடியே, என்ன வோட்டெண்டும் விளங்காமல் ரண்டு கையும் தூக்கினது நீங்கள் ஒராள்தான்.”