அட்டைப்படத்தைப் பார்த்துச் சொல்லு

என் மகள் இன்ஷிராவை ஆங்கிலத்தில் வெளுத்து வாங்க வைப்பது என்று நான் முடிவெடுத்த நாளில் காத்தான்குடியே கைதட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. என் மனைவி றபீக்கா மட்டும், “கத்தார்ல ஆறு வருசம் ‘யெஸ் சேர்’ சொன்ன இங்கிலீசா?” என்று கேட்டாள்.

பிள்ளைக்குப் புத்தகம் வாசிப்பதென்றால் வாசிப்பதுதான் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். பள்ளிக்கூட டீச்சர் பெற்றாரைக் கூப்பிட்டு விளக்கினார். முதலில் அட்டைப்படத்தைக் காட்ட வேண்டுமாம். “வட் நெக்ஸ்ட்?” என்று கேட்க வேண்டுமாம். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டுமாம். வாயை மூடிக்கொண்டிருப்பதில் எனக்குப் பத்து வருடக் குடும்ப அனுபவம். ஒரேயொரு சட்டத்தை மட்டும் நானாகச் சேர்த்தேன்: அடுத்து நடப்பதைச் சரியாகச் சொன்னால் ஒரு டொபி மிட்டாய்.

முதல் புத்தகம் பூனைக் கதை. அட்டையில் பூனை கண்ணை மூடிப் படுத்திருந்தது. பக்கத்தில் மீன் சட்டி.

“வட் நெக்ஸ்ட்?”

“கெட் நோ ஸ்லீப். கெட் எக்டிங். கெட் ஈட் ஃபிஷ்!”

பூனை நடிக்கிறதாம்! பக்கத்தைப் புரட்டினேன். சட்டி காலி. புல்லரித்துப் போய் டொபியைக் கொடுத்தேன். கதவோரம் நின்ற றபீக்கா சிரித்தாள். என் திறமையைப் பார்த்துப் பூரிக்கிறாளாக்கும் என்று நானும் சிரித்து வைத்தேன்.

சனிக்கிழமை ஓட்டமாவடியில் றபீக்காவின் மாமா மகளின் கலியாணம். அதே நேரம் டீவியில் கிரிக்கெட் இறுதியாட்டம். மாமாவோ என்னைக் கண்டால் தன் மூட்டுவலியின் வரலாற்றை ஆதியிலிருந்து சொல்கிறவர். ஆகவே காலையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் விழுந்தேன்.

“றபீக்கா, வகுறு வலிக்கி. எனக்கு ஏலா. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க.”

“அல்லாஹ்வே! நல்லா வலிக்கா?”

“பேசவே ஏலா.”

“அப்ப பேசாதீங்க.”

மகளைக் கூப்பிட்டுக் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினாள்.

“மகள், இந்தப் படத்தப் பாருங்க. வட் நெக்ஸ்ட்?”

இன்ஷிரா என் முகத்தைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். தலையணைக்கடியில் எட்டிப் பார்த்த ரிமோட்டையும் பார்த்தாள். றபீக்கா வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். டீச்சர் சொன்னபடியே.

“வாப்பா நோ பெயின். வாப்பா எக்டிங். உம்மா கோ, வாப்பா டீவி!”

“பொறகு?”

“உம்மா டேக் ரிமோட். வாப்பா கம் வெடிங்!”

என் மானம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை ஒரு தடுமாற்றமில்லாமல் ஆங்கிலம் பேசுகிறதே என்று பெற்ற மனம் வேறு பெருமைப்பட்டுத் தொலைத்தது.

ரிமோட் போனது. அதோடு வயிற்றுவலியும் போனது. வாசலில் வேன் வந்து நின்றது. மகள் கையை நீட்டினாள். சட்டம் போட்டவன் நான். டொபியைக் கொடுத்தேன்.

“எனக்கும் ஒண்டு தாங்க,” என்றாள் றபீக்கா.

“உனக்கு எதுக்கு?”

“இண்டைக்கி வகுறு வலிக்கும், பொறகு வருவீங்க எண்டு தெரிஞ்சு உங்கட சேட்ட நான் நேத்தே அயன் பண்ணி பேக்குக்குள்ள வெச்சிட்டன்.”